எண்ணிக்கையில் வராத ஆறாவது ஆள்

ஆற்றைக் கடந்து கரையேறியதும், யாரையாவது தண்ணீர் கொண்டுபோய்விட்டதோ என்ற சந்தேகம் பரமார்த்த குருவின் கூட்டத்துக்கு வந்துவிடுகிறது. குரு ஒருவர், சீடர்கள் ஐந்து பேர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. மறுபடி எண்ணினாலும் ஐந்துதான். ஒருவன் செத்தான் என்று கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஆளுக்கு ஓர் அடி போட்டு எண்ண வைத்த பிறகுதான் ஆறு பேரும் கிடைக்கிறார்கள்.

இந்தக் கதையை எழுதிய வீரமாமுனிவர் பல ஆண்டுகள் வாழ்ந்தது ஏலாக்குறிச்சியில். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே, அதே மாவட்டத்து விக்கிரமங்கலத்துக்கு அதிகத் தொலைவில்லாத ஊர். மறுபக்கம், விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் ஜெயங்கொண்டம். அங்கேயுள்ள சிப்காட்டில் தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்தின் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பர் 15 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 நவம்பரில், பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் ஃபீனிக்ஸ் கோத்தாரி காலணிப் பூங்கா செயல்படத் தொடங்கியது. காலணித் தொழிலில் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முந்திரிக் காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் வேலை பார்த்த வீடுகளின் பிள்ளைகள் இனி பஞ்ச் அடித்து உள்ளே போவார்கள்.

அவர்களுக்கு முன்னால் முதலில் வந்து நிற்கப்போகிறவர் முதலாளி இல்லை, ட்ரெய்னர். வேலை கற்றுக்கொடுப்பவர், பேசக் கற்றுக்கொடுப்பவர், "தன்னம்பிக்கை" கற்றுக்கொடுப்பவர், தனியாக உட்கார வைத்து வழிகாட்டும் கோச் என்று இந்தத் தொழிலுக்கு இன்று பல கிளைகள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்துக்குப் பிறகு, திறன் பயிற்சி என்ற சொல் அரியலூர் மாவட்டத்தின் கல்லூரிகளில் அன்றாடச் சொல்லாகிவிட்டது. இத்தனை பயிற்றுநர்கள் இந்த ஊர்களுக்குள் வரும் காலத்தில் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். கற்பிக்க வருகிறவர் இந்த ஊரைக் கற்றாரா? அதைவிட, தன்னையும் ஓர் ஊர்க்காரராக, ஒரு தெருக்காரராக எண்ணிப் பார்த்தாரா?

உலக அளவில் இந்தத் தொழில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டது. 1995இல் தோன்றிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற அமைப்பு, ஒரு கோச்சுக்கு வேண்டிய திறன்களை 2019இல் திருத்தி எட்டாக வகுத்தது. பயிற்சி பெறுபவரின் அடையாளம், சூழல், அனுபவம், நம்பிக்கை ஆகியவற்றை உணர்ந்து நடக்க வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்காமல், சூழலும் பண்பாடும் பிறரை எப்படி ஆக்கியிருக்கின்றன என்பதோடு கோச்சாகிய தன்னை எப்படி ஆக்கியிருக்கின்றன என்பதிலும் விழிப்பு வேண்டும் என்கிறது. பரமார்த்த குருவின் சீடர்கள் எண்ணாமல் விட்ட ஆள் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறான்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் இந்த நல்ல வாக்கியம் நம் ஊர்க் கூடத்துக்குள் வரும்போது என்ன ஆகிறது?

பெரும்பாலும் அது ஒரு மணி நேர வகுப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஜப்பானியர் குனிந்து வணங்குவர், ஜெர்மானியர் நேரம் தவறமாட்டார், இந்தியர் தலையை ஆட்டுவர் என்று நாட்டுக்கு ஒரு ஸ்லைடு. இதற்கு வேர் எங்கே என்று தேடினால் டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் நினைவுக்கு வருவார். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளைக் கொண்டு நாடுகளின் பண்பாட்டை எண்களாக்கி 1980இல் நூலாக வெளியிட்டவர் அவர். பெரிய உழைப்புதான். ஆனால் அதில் இந்தியா முழுமைக்கும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு எண். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விக்கிரமங்கலத்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள தூரத்தை யாராலும் அளக்க முடியாது.

அந்தத் தூரம் எப்படி வெளிப்படும் என்பதற்கு, பயிற்சி வகுப்புகளில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒன்றைப் பார்க்கலாம். வட்டமாக நாற்காலி போட்டு, கூச்சம் போக ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர், படிப்பு. அடுத்து, "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?" நகரத்தில் வளர்ந்த பயிற்றுநருக்கு அது அன்பான விசாரிப்பு. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சாதியைக் கேட்கும் கேள்வி. மேலத்தெரு என்றால் ஒன்று, காலனி என்றால் ஒன்று. பதில் சொல்லப்போகும் பெண் ஒரு கணம் தயங்குவாள். பக்கத்தில் இருப்பவள் காதைத் தீட்டுவாள். பயிற்றுநர் தன் கையேட்டில் "பேசத் தயக்கம்" என்று குறித்துக்கொள்வார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது அந்த ஒரு பதிலால் முடிவாகியிருக்கும். அவர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்.

‘காலனி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையில், திருச்சியில் அது வங்கி ஊழியர் காலனி, ரயில்வே காலனி. கிராமத்தில் அது பட்டியல் சாதி மக்கள் ஊரைவிட்டுத் தள்ளிக் குடியிருத்தப்பட்ட இடம். அந்தச் சொல் இழிவின் குறியாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவிக்க வேண்டியிருந்தது. ஒரே மொழி, ஒரே மாநிலம், ஒரே சொல். கேட்கிற காதைப் பொறுத்து அதன் கனம் மாறுகிறது. தமிழ் தெரியும் என்பதாலேயே தமிழ்நாட்டு ஊர்கள் தெரியும் என்று நினைக்கும் பயிற்றுநர்தான் அதிகம் தடுமாறுகிறார். வெளிநாட்டவருக்காவது தனக்குத் தெரியாது என்பது தெரியும்.

கண்ணைப் பார்த்துப் பேசு என்பது நேர்காணல் பயிற்சியின் முதல் பாடம். பெரியவர்கள் எதிரே கண்ணை நேராக வைத்துப் பேசினால் "என்ன முறைக்கிற?" என்று கேட்கும் வீட்டில் வளர்ந்த பையன், ஒரே காலைப் பொழுதில் இதை எப்படி மாற்றிக்கொள்வான்? அவன் தலை குனிந்திருப்பது மரியாதை. அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதிவிட்டால் ஒரு வேலை போய்விடும். அவனுக்கு நேராகப் பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் "உன் வீட்டில் கற்றது தப்பு" என்று சொல்லாமல், "அது அங்கே மரியாதை, இது இங்கே மரியாதை" என்று கற்றுக்கொடுக்கும் வித்தை தனி. அதேபோல்தான் "சரிங்க சார்". வகுப்பில் இருபது குரல் ஒன்றாகச் சொல்லும் அந்தச் "சரிங்க சார்" புரிந்தது என்று பொருள்படாது. நீங்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடமாட்டோம் என்பதே அதன் பொருள்.

பங்குனி, சித்திரையில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இராத் தங்கக்கூடாது என்ற வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. விடுதியில் தங்கிப் பயிற்சி பெறும் பெண் அந்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வருகைப் பதிவேட்டில் அது ‘ஆப்சென்ட்’. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஒரு வாரத்தைத் தள்ளிவைத்திருக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒரு டீ நேரம் பேசினால் கிடைத்துவிடும் செய்தி இது.

ஊரைக் கேட்காமல் விட்டால் எவ்வளவு பெரிய நிறுவனமும் தவறும் என்பதற்கு விக்கிரமங்கலத்தை அடுத்த ஸ்ரீபுரந்தானே சாட்சி. அங்கிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் காட்டிய காகிதங்களைப் பார்த்தார்கள். அது எந்த ஊர்ச் சாமி என்று தேடவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அதைக் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நேரில் வந்து திருப்பிக் கொடுத்தார். கலைக்கூடத்தில் அது சிற்பம். இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்ட சாமி.

இனி ஏலாக்குறிச்சிக்குப் போகலாம். இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி என்ற வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்தது கிறிஸ்தவம் போதிக்க. ஆனால் செய்தது முதலில் படிப்பு. படித்ததோடு நிற்காமல், தனக்குப் பின்னால் வரும் வெளிநாட்டுத் துறவிகள் தமிழ் கற்க லத்தீனில் இலக்கணம் எழுதினார். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புலவர்களின் செந்தமிழுக்கு ஒன்று, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதினார். சந்தையில் பேசுவது தாழ்ந்த தமிழ், அதைப் படிக்கத் தேவையில்லை என்று அவர் ஒதுக்கவில்லை. பரமார்த்த குரு கதையே அப்படிப் பேச்சுத் தமிழ் பழக வருகிறவர்களுக்குப் பயிற்சிப் பாடமாக எழுதப்பட்டது என்பார்கள். உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஓர் உரைநடை நூலும் எழுதினார். இன்றைய சொல்லில், பயிற்றுநர்களுக்கான கையேடு.

கூர்ந்து படித்தவர் என்பதற்கு ஓர் எழுத்தே போதும். அவர் காலத்து ஓலைகளில் எ, ஏ இரண்டுக்கும் வடிவ வேறுபாடு தெளிவாக இல்லை. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். எது குறில், எது நெடில் என்பதைப் படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். வீரமாமுனிவர் நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார், கொம்பைச் சுழித்தார். இன்று ‘ஏலாக்குறிச்சி’ என்று எழுதும் ஒவ்வொரு பிள்ளையின் விரலிலும் அந்தக் கோடு இருக்கிறது. மொழிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தடங்கலாகவே படாத ஒன்று, வெளியிலிருந்து வந்து பொறுமையாகக் கற்றவர் கண்ணில் பட்டிருக்கிறது. வெளியாளாக இருப்பதில் ஒரு பயனும் உண்டு. அந்தப் பயன் அவ்வளவு காலம் உட்கார்ந்து கற்ற பிறகுதான் கிடைக்கும்.

இந்த இடத்தில் அவரைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அது நேர்மையாகாது. அவர் சார்ந்திருந்த இயேசு சபையின் மதுரை மிஷன் நம் பண்பாட்டைக் கற்றபோது சாதி வரிசையையும் சேர்த்தே கற்றுக்கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி உயர்சாதியாரிடம் செல்லச் சந்நியாசி கோலம் பூண்டார். பின்னாளில் மற்றச் சாதியாரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்று தனி வகைத் துறவியரே வைக்கப்பட்டனர். உள்ளூர் வழக்கத்தை மதிக்கிறோம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். யாருடைய வழக்கத்தை? கீழே நிறுத்தப்பட்டவரிடம் கேட்டிருந்தால் அது வழக்கம் என்று சொல்லியிருக்கமாட்டார், வலி என்றிருப்பார்.

அதனால்தான் "பண்பாட்டு விழிப்பு" என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊரின் பண்பாடு என்று ஒருவர் கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஊரில் உரக்கப் பேசுகிறவரின் பண்பாடு. பயிற்றுநர் முதலில் சந்திக்கும் ஆள் ஊராட்சித் தலைவர், கோயில் தர்மகர்த்தா, கடைக்காரர். அவர்கள் சொல்வதுதான் ஊர் என்று எழுதிக்கொண்டால், நூற்றாண்டுகளுக்கு முந்தைய அதே தவறு புதிய சட்டை போட்டு வரும்.

அந்தச் சட்டையை நாம் ஏற்கனவே பார்த்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படாமல் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் விரிவான செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு இருக்கும், கர்ப்பம் தரிப்பார்கள், தாலியும் மெட்டியும் போன்ற உலோக நகைகள் உற்பத்தியைப் பாதிக்கும் என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டதாக அந்தச் செய்தி கூறியது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. சமீபத்தில் எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமானவர்கள் என்றது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

யார் சொல்வது சரி என்பதை விசாரணைகள் முடிவு செய்யட்டும். அந்தக் காரணங்களின் சாயல்தான் கவலை தருகிறது. தாலியைப் பற்றியும் மெட்டியைப் பற்றியும் மாமியார் வீட்டைப் பற்றியும் தெரிந்த ஒருவரால்தான் அப்படியொரு காரணத்தைச் சொல்ல முடியும். அது பண்பாடு தெரியாததால் வந்த பேச்சு இல்லை. தெரிந்துகொண்டதைக் கதவைச் சாத்தப் பயன்படுத்தினால் வரும் பேச்சு. இதே அறிவை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம். தாலியைக் கழற்றச் சொன்னால் ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றும் என்று தெரிந்தவர், அதைத் துணியால் சுற்றிச் சட்டைக்குள் பத்திரப்படுத்த வழி உண்டா என்று பாதுகாப்புப் பொறியாளரிடம் கேட்பார். பள்ளி விடும் நேரம் தெரிந்தவர் ஷிஃப்ட்டை மாற்றிப் பார்ப்பார். ஜெயங்கொண்டத்துக்கு வரும் பயிற்றுநர்கள் இந்த இரண்டில் எந்த வகையாக இருப்பார்கள் என்பது மாவட்டத்தின் பல்லாயிரம் வீடுகளின் சோற்றுப் பிரச்சினை.

இரண்டாவது வகைக்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. பக்கத்தில் புதுக்கோட்டை இருக்கிறது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கற்பிக்கத்தான் இறங்கியது. தொண்டர்கள் கையில் இருந்தது பாடப் புத்தகம். ஆனால் கிராமத்துப் பெண்களோடு பழகப் பழக, அவர்களைக் கட்டிப்போட்டிருப்பது எழுத்து தெரியாதது மட்டும் இல்லை, நினைத்த இடத்துக்குப் போக முடியாததும்தான் என்பது புரிந்தது. தண்ணீருக்கும், கல்குவாரிக்கும், ஆஸ்பத்திரிக்கும் ஓர் ஆண் கொண்டுபோய் விட வேண்டும். அல்லது நடக்க வேண்டும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது இயக்கத்தின் பகுதியானது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க முனைந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

பெண் சைக்கிள் மிதிப்பதை அப்போது ஊர் கேலி செய்தது. அதுவும் "நம்ம வழக்கம் இல்ல" என்ற பேரில்தான். அறிவொளித் தொண்டர்கள் அந்த வழக்கத்தை அறியாதவர்கள் இல்லை. அதே ஊர்களில் பிறந்தவர்கள். அறிந்தே அதைத் தாண்டினார்கள். யாருக்காகக் கற்பிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. தலைவரிடம் கேட்காமல், தண்ணீர்க் குடத்தோடு நடந்த பெண்ணிடம் கேட்டார்கள். உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பதற்கும் அதற்கு அடங்கிப்போவதற்கும் நடுவே கோடு எங்கே விழும் என்பதை அவளுடைய பதிலே காட்டியது.

கற்றல் ஒரு பக்கமாக மட்டும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தைவானிலிருந்து வரும் மேற்பார்வையாளர் குரலை உயர்த்தினால் அது கோபமா, அவசரமா, இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதற்கா என்று நம் பெண்களுக்கும் தெரிய வேண்டும். அரியலூர் சிமென்ட் ஆலைகளைச் சுற்றி வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களை ஒட்டுமொத்தமாக "இந்திக்காரன்" என்று அழைக்கும் நம் வழக்கமும் பரிசோதனைக்கு உரியது. அவர்களில் ஒடியா பேசுகிறவர் இருப்பார், போஜ்புரி பேசுகிறவர் இருப்பார். புத்தர் சிலையும் சமணச் சிற்பங்களும் கிடைத்த ஊர் விக்கிரமங்கலம். வேற்று நம்பிக்கையோடு வந்தவர்களுக்கு இந்த மண் ஒருகாலத்தில் இடம் கொடுத்திருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. சிப்காட் நிறுவனங்களும், கல்லூரிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பும் அமைப்புகளும், வகுப்பு தொடங்கும் முன் அவர்களை ஒரு வாரம் இந்த ஊர்களில் தங்க வைக்கலாம். விடுதி அறையில் இல்லை, ஊருக்குள். மேலத்தெருவில் இரண்டு நாள் என்றால், ஊர் தள்ளி வைத்த தெருவிலும் இரண்டு நாள். காலை ஏழு மணிக்கு விக்கிரமங்கலம் பஸ் நிறுத்தத்தில் நின்று, வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பிள்ளையை யாரிடம் விட்டு வந்தார்கள், திரும்பி வர எந்த பஸ் என்று கேட்டு எழுதலாம். சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து கேட்கலாம்; 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்தக் குழுக்களின் அக்காமார்களுக்கு எந்தக் கேள்வியை யாரிடம் எப்படிக் கேட்பது என்பது அத்துப்படி. அவர்களுக்கு அதற்கான சம்பளம் கொடுத்து, பயிற்றுநர்களுக்குப் பயிற்றுநராக உட்கார வைக்கலாம்.

அந்த வாரத்தின் கடைசி நாளில் பயிற்றுநர் எழுத வேண்டிய அறிக்கையில் ஒரு பக்கம் அவரைப் பற்றியே இருக்க வேண்டும். எந்த ஊரில், எந்தத் தெருவில் வளர்ந்தார், அவர் வீட்டில் யாருக்குத் தனி டம்ளர் இருந்தது, முதன்முதலில் எப்போது ஒருவரைப் பார்த்து "இவங்க அப்படித்தான்" என்று நினைத்தார். அந்தப் பக்கத்தை யாரும் வாங்கிப் படிக்க வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும். ஜெயங்கொண்டத்தில் முதல் பயிற்சி வகுப்பு தொடங்கும்முன் இதை ஒரு நிபந்தனையாக வைக்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும். அந்த ஒரு வாரத்துக்கான செலவை நிறுவனம் ஏற்பதா, திறன் மேம்பாட்டுக் கழகம் ஏற்பதா என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி எழுத்தில் போட்டுவிடலாம்.